கூட்டம் முடிந்த பிறகு செய்தி வந்து என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சுற்றுச்சூழல் செய்திகளுக்கு உங்கள் நாளிதழ் இப்போதெல்லாம் நிறையவே இடம் தருகிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பு, குப்பை எரிப்பு, வெப்ப அலை என்று வாரத்தில் ஒன்றாவது கண்ணில் படுகிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறை வேறு. இந்தச் செய்திகளில் பெரும்பாலானவை காரியம் முடிந்த பிறகு வருகின்றன. ஒரு திட்டத்தைப் பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்த மறுநாள் வருகின்றன. மரங்களை வெட்டி லாரியில் ஏற்றிய பிறகு வருகின்றன. படிக்கிறவர் வருத்தப்படலாம், கோபப்படலாம். அவர் செய்யக்கூடியது எதுவும் அதற்குள் மிச்சம் இருப்பதில்லை. ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசித் தேதி என்று ஒன்று இருக்கிறதே, அதை முன்கூட்டியே செய்தியாகப் போடுங்கள் என்று கேட்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

நான் ஓர் உள்ளூர் சுற்றுச்சூழல், காலநிலைக் குழுவில் தகவல் தொடர்பைக் கவனித்துக்கொள்கிறேன். அதற்கு முன் ஓர் அச்சகத்தில் பாடப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் தண்ணீரைச் சோதிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பறவைகளை எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள், வழக்கு விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர்களுக்குத் தெரிந்ததை வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியவைப்பது என் பொறுப்பு. பேஸ்புக்கில் படம் போடுகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் என் நாளில் பெரும்பகுதி வாசிப்பதில்தான் போகிறது. அதிலும் முதலில் வாசிப்பது உங்கள் நாளிதழின் அறிவிப்புப் பக்கத்தை.

அந்தப் பக்கத்தை நீங்களே ஒருமுறை வாசகராக இருந்து பாருங்கள். ஒப்பந்தப் புள்ளி அறிவிப்பு, பெயர் மாற்றம், தொலைந்துபோன பத்திரம், ஏல விளம்பரம். இவற்றுக்கு நடுவில் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். பத்து வரிக்கு நீளும் ஒரே வாக்கியம், வரிசையாக நில எண்கள், ஒரு சட்டப் பிரிவு. அந்த வாக்கியத்தின் வாலில்தான் கூட்டம் நடக்கும் நாளும் இடமும் இருக்கும். நான் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்து அதை வெட்டி எடுத்து, தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, சுவரில் உள்ள பலகையில் குத்தி வைக்கிறேன். சட்டப்படி அறிவிப்பு வெளியாகிவிட்டது, உண்மைதான். அதை யார் படித்தார்கள் என்று சட்டம் கேட்பதில்லை. நில எண்ணைப் பார்த்ததும் "அட, இது நம் தெருவுக்குப் பின்னால் இருக்கிற இடமாச்சே" என்று எத்தனை பேருக்குத் தோன்றும்?

அடுத்தது அறிக்கை. ஒரு பெரிய திட்டம் வருகிறதென்றால், அதனால் சுற்றுப்புறத்துக்கு என்ன பாதிப்பு வரும் என்று சொல்லும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று பல நூறு பக்கத்துக்கு ஓர் ஆவணம் வைப்பார்கள். முதல் ஐம்பது பக்கத்தில் திட்டத்தின் பெருமை இருக்கும். நான் கடைசியிலிருந்து படிப்பேன். பின்னிணைப்புகளில்தான் சரக்கு இருக்கிறது. கள ஆய்வு எந்த மாதத்தில் நடந்தது என்று முதலில் பார்ப்பேன். கோடையின் உச்சத்தில் போய்ப் பார்த்தால் எந்தச் சதுப்பு நிலமும் காய்ந்த வெட்டவெளியாகத்தான் தெரியும். வலசை வரும் பறவைகள் அந்த மாதத்தில் இருக்கவே இருக்காது. "குறிப்பிடத்தக்க உயிரினங்கள் காணப்படவில்லை" என்று எழுதினால் அது பொய்யாகாது. ஆனால் மழைக்காலம் முடிந்து போயிருந்தால் எழுதியிருக்க முடியாது. நான் படித்த ஓர் அறிக்கையில், முதன்மைப் பகுதியில் ஓர் இடம் தரிசு என்று பதிவாகியிருந்தது. அதே இடத்தின் புகைப்படம் பின்னிணைப்பில் இருந்தது. முழங்கால் தண்ணீரில் கொக்குகள் நின்றுகொண்டிருந்தன. படத்தைச் சேர்த்தவரும் பத்தியை எழுதியவரும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கவில்லை போலிருக்கிறது.

இதையெல்லாம் அரைப் பக்கத்துக்குள் கொண்டுவர வேண்டும். எழுதி முடித்ததும் எங்கள் அலுவலகத்தைச் சுத்தம் செய்ய வரும் அக்காவிடம் வாசித்துக் காட்டுவேன். அவர் குனிந்து வேலை பார்த்துக்கொண்டே கேட்பார். முடிந்ததும் அநேகமாக ஒரே கேள்விதான்: "சரி, இப்போ நாங்க என்ன செய்யணும்?" அந்தக் கேள்விக்குப் பதில் முதல் இரண்டு வரியில் இல்லையென்றால் மறுபடியும் எழுதுவேன். எந்த இடம், என்ன வரப்போகிறது, எந்தத் தேதிக்குள் யாரிடம் சொல்ல வேண்டும். இது முதலில். புவி வெப்பமாதல், கரியமில வாயு எல்லாம் அப்புறம். உலகம் அழியப்போகிறது என்று தொடங்கும் துண்டறிக்கையை ஜனங்கள் மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். தெருவின் பெயரோடு தொடங்குவதை நின்று படிக்கிறார்கள். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் முடியும் குரல் செய்தி அனுப்புகிறோம். பெரியவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார்கள், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

இவ்வளவு செய்தும் எங்களுக்கு எட்டும் தூரம் குறைவுதான். ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் முடிந்த மறுநாள் காலை ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். செய்தியை நாளிதழில் பார்த்திருக்கிறார். படத்தோடு நல்ல இடத்தில்தான் வந்திருந்தது. "ஏம்மா, கூட்டம் முடிஞ்சிடுச்சுன்னு போட்டிருக்காங்களே. முன்னாடியே போட்டிருந்தா நானும் வந்திருப்பேனே. என் கிணறு அங்கதானே இருக்கு" என்றார். அவரோடு கொஞ்ச நேரம் பேசினேன். எந்த வருஷம் எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது, எப்போது உப்பு தட்டத் தொடங்கியது, எந்த மழைக்குப் பிறகு மறுபடியும் இனித்தது என்று மனப்பாடமாகச் சொன்னார். அறிக்கையில் நிலத்தடி நீர் பற்றிய அத்தியாயத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. கூட்டத்தில் எழுந்து சொல்லியிருந்தால் அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியிருக்கும். நடவடிக்கைக் குறிப்பில் ஏறிய பேச்சுக்குத் திட்டம் கொண்டுவருகிறவர்கள் பதில் சொல்லியாக வேண்டும், நீதிமன்றம்வரை அது போகும். கூட்டம் முடிந்த பிறகு என்னிடம் தொலைபேசியில் சொன்னதற்கு அந்த மதிப்பு கிடையாது. அவர் இருக்கும் பகுதிவரை எங்கள் துண்டறிக்கை போகவில்லை, எங்களிடம் இருக்கும் ஆட்கள் அவ்வளவுதான். உங்கள் நாளிதழ் அங்கே தினமும் விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சரி, முன்கூட்டியே சொல்வதால் என்ன பெரிதாக மாறிவிடும் என்று கேட்கலாம். வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 நவம்பரில் வீசிய போலா புயலில் மூன்று லட்சம் முதல் ஐந்து லட்சம் பேர்வரை இறந்தார்கள். புயல் வருகிறது என்பது வானிலை ஆய்வாளர்களுக்குத் தெரியாமல் இல்லை. கடலோரத் தீவுகளில் இருந்தவர்களுக்கு அது முறையாகப் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு அந்த நாட்டில் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். உள்ளூர்த் தொண்டர்கள் கையில் மெகாஃபோனும் கொடியும் சைரனும் கொடுத்து, வீடு வீடாகப் போய்ச் சொல்லப் பழக்கினார்கள். புகலிடங்களைக் கட்டினார்கள். 1991 புயலில் மறுபடியும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்புறமும் விடாமல் அந்த ஏற்பாட்டைப் பலப்படுத்தினார்கள். 2007-இல் சிடர் புயல் கடுமையாகவே வந்தது. இறந்தவர்கள் எண்ணிக்கை சில ஆயிரம். அதுவும் பெரிய துயரம்தான். ஆனால் லட்சங்களிலிருந்து ஆயிரங்களுக்கு இறங்கியதில் பெரும்பங்கு, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னவர்களுக்கும், ஓடிப்போய் ஒதுங்க ஓர் இடம் இருந்ததற்கும் சேரும். ஒரு புயலோ வெப்ப அலையோ வருவதற்கு 24 மணி நேரம் முன்பு எச்சரித்தால் சேதத்தை 30 சதவீதம்வரை குறைக்க முடியும் என்று காலநிலைத் தகவமைப்புக்கான உலக ஆணையம் 2019-இல் சொன்னது. உலகில் எல்லோருக்கும் முன்னெச்சரிக்கை எட்ட வேண்டும் என்று ஐ.நா. 2022-இல் ஒரு முயற்சியைத் தொடங்கி, 2027-ஐ இலக்காக வைத்திருக்கிறது.

வெயிலும் அப்படித்தான். 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்ப அலை வந்தபோது, வழக்கமாக அந்த மாதத்தில் நிகழும் மரணங்களைவிட 1,344 மரணங்கள் அதிகம் என்று பின்னால் கணக்கிட்டார்கள். 2013-இல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தெற்காசியாவில் அதுதான் முதல் திட்டம். அதில் புதிய இயந்திரம் எதுவும் இல்லை. வெயில் ஏறப்போகிறது என்று முன்னதாகவே கணித்து, கைப்பேசிக்குச் செய்தி அனுப்புவது, சுவரொட்டி ஒட்டுவது, மருத்துவமனைகளைத் தயாராக இருக்கச் சொல்வது, வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு நிழலும் தண்ணீரும் கிடைக்கப் பார்ப்பது. ஆண்டுக்குச் சராசரியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்கள் இதனால் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று பிறகு வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. என் வேலையில் சோர்வு வரும்போது இந்த உதாரணத்தைத்தான் நினைத்துக்கொள்வேன். ஒரு குறுஞ்செய்தியும் ஒரு சுவரொட்டியும் உயிரைக் காப்பாற்றும் என்பது ஆறுதலுக்காகச் சொல்கிற பேச்சு கிடையாது, கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

புயல் எச்சரிக்கையை நீங்கள் முன்கூட்டியே போடுகிறீர்கள். பக்கத்தின் முழு அகலத்துக்குப் போடுகிறீர்கள். அதை யாரும் பிரசாரம் என்று சொல்வதில்லை. ஒரு சதுப்பு நிலத்தை மூடப்போகும் முடிவும் வருங்கால வெள்ளத்துக்கான அறிவிப்புதான். மழை பெய்யும் நாளில் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்பது, பல வருஷத்துக்கு முன் ஏதோ ஓர் அறையில் கையெழுத்தான நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அந்தக் கையெழுத்துக்கு முன்னால் பொதுமக்களுக்கு என்று சில வாரங்கள் ஒதுக்கியிருப்பார்கள். அந்த வாரங்களில்தான் செய்தி வேண்டும்.

இது எங்களைப் போன்றவர்களின் சொந்த ஆசை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சுற்றுச்சூழலுக்காக ஐ.நா. 1992-இல் கூட்டிய ரியோ மாநாட்டுப் பிரகடனத்தின் பத்தாவது கோட்பாடு, சுற்றுச்சூழல் பிரச்சினைகளைக் கையாளும்போது சம்பந்தப்பட்ட எல்லாக் குடிமக்களும் பங்கேற்க வேண்டும், அதற்கான தகவல் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. 1998-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை இன்னும் ஒருபடி மேலே போய், எல்லா வாய்ப்புகளும் திறந்திருக்கும்போதே மக்களைப் பங்கேற்கச் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகள் இதே உரிமைகளுக்காக 2018-இல் எஸ்காசு உடன்படிக்கையைக் கொண்டுவந்தன. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 12-ஆவது பிரிவும் மக்களின் விழிப்புணர்வு, பங்கேற்பு, தகவல் பெறும் வசதி ஆகியவற்றைப் பற்றியதுதான். பாரிஸ் ஒப்பந்தம் என்றால் புவி வெப்ப உயர்வுக்கு அது வைத்த 1.5 டிகிரி, 2 டிகிரி வரம்பு என்று இரண்டு எண்களோடு நிறுத்திவிடுகிறோம். இந்தப் பிரிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் மேசைக்கு எதிரில் இதை எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்.

தாமதமாக வரும் செய்தியில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. அவசரம். ஒரு பெருமழை கொட்டித் தீர்த்த அன்று சாயங்காலம் நிருபர்கள் அழைப்பார்கள். "இதுக்கு காலநிலை மாற்றம்தான் காரணமா? ஆமாவா இல்லையா? ஒரு வரி கொடுங்க, பக்கம் முடிக்கணும்." அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் வேலை அப்படி. ஆனால் ஒரு வரியில் நேர்மையாகச் சொல்லக்கூடியது குறைவு. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும், அதனால் பெய்கிற மழை இன்னும் கொட்டிப் பெய்யும் என்று அடித்துச் சொல்லலாம். குறிப்பிட்ட இந்த மழைக்கு அதன் பங்கு எவ்வளவு என்று அன்று சாயங்காலமே சொல்ல முடியாது. அதைக் கணக்கிடுவதற்கென்றே விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். 2014-இல் தொடங்கிய உலக வானிலைக் காரணப் பகுப்பாய்வுக் குழு அந்த வேலையைச் செய்கிறது. வேகமாகச் செய்தாலும் அவர்களுக்கே நாள் கணக்கில் ஆகும்.

இதே நிருபர் கோடை தொடங்குவதற்கு முன் அழைத்தால் எவ்வளவு கொடுக்க முடியும்! காலநிலை மாற்ற அறிவியலைத் தொகுத்துச் சொல்லும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கையில் தெளிவாக இருக்கிறது. மனிதர்களின் தாக்கம் இல்லாத பழைய காலநிலையில் 50 ஆண்டுக்கு ஒருமுறை வந்திருக்கக்கூடிய கடும் வெப்ப நிகழ்வு, பூமி 1 டிகிரி சூடான நிலையில் 4.8 மடங்கு அடிக்கடி வருகிறது. 1.5 டிகிரியில் 8.6 மடங்கு. 2024-ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிடச் சுமார் 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. ஒரே ஓர் ஆண்டு அப்படி இருந்ததாலேயே பாரிஸ் இலக்கு தவறிவிட்டது என்று பொருள் இல்லை, அந்த இலக்கு நீண்ட காலச் சராசரியைப் பற்றியது. இந்த விளக்கத்தை எல்லாம் நிதானமாகப் பேச நேரம் வேண்டும். வெயில் காலத்துக்கு முந்தைய மாதத்தில் அந்த நேரம் இரு தரப்புக்கும் இருக்கிறது.

அவசரம் யாரையும் விடுவதில்லை. 2019-இல் அமேசான் காடு எரிந்தபோது பிரான்ஸ் அதிபர் மக்ரோன் ட்விட்டரில் ஒரு படத்தைப் பகிர்ந்தார். அந்தப் படத்தை எடுத்த புகைப்படக்காரர் 2003-லேயே இறந்துபோனவர். அதாவது அது அந்த வருஷத்துத் தீயே இல்லை. உலகின் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அமேசான் தருகிறது என்ற வாக்கியமும் அப்போது ஊரெங்கும் சுற்றியது. அந்தக் காடு உண்டாக்கும் ஆக்சிஜனைக் கிட்டத்தட்ட அதுவே சுவாசத்திலும் மட்கலிலும் செலவழித்துவிடுகிறது. நமது மூச்சுக்கு அமேசான் தேவைப்படுவதால் அதைக் காக்க வேண்டும் என்பதில்லை. அது தேக்கிவைத்திருக்கும் கார்பனும், அது உண்டாக்கும் மழையும், அங்கே வாழும் மக்களும் உயிர்களுமே போதிய காரணம். நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன தப்பான எண், எதிர்த்தரப்பு கையில் கிடைத்தால் அவ்வளவுதான். நாம் சொன்ன சரியான எண்களையும் சேர்த்து அடித்துவிடுவார்கள். அதனால் எங்கள் குழுவிலிருந்து போகும் எந்தக் குறிப்பிலும் எண் இருந்தால், அது எந்த ஆவணத்தில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்த பிறகே அனுப்புகிறேன். மெய்ப்புப் பார்த்த காலத்துப் பழக்கம், விடவில்லை.

தேதி விஷயத்தோடு நேரடியாகச் சம்பந்தமில்லை, ஆனாலும் இந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லிவிடுகிறேன். வெப்ப அலைச் செய்திக்குத் தண்ணீரில் குதித்து விளையாடும் சிறுவர்கள் படத்தைப் போடாதீர்கள். படத்தைப் பார்க்கிறவருக்கு அது விடுமுறைச் செய்தி. 2003 கோடையில் ஐரோப்பாவில் சுமார் 70,000 பேர் வெப்பத்தால் இறந்தார்கள். பிரான்சில் மட்டும் ஏறக்குறைய 15,000. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பலர் தனியாக, வீட்டுக்குள்ளேயே இறந்து கிடந்தார்கள். வெயில் யாரைக் கொல்லும் என்பதைப் படம் சரியாகக் காட்டினால், ஒரு வாசகராவது பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியை எட்டிப் பார்ப்பார். ஜன்னலோரம் ஈரத்துணியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவர், தார் போடும் தொழிலாளி, கூரை சூடேறிய ஒற்றை அறை வீடு. இப்படிப் படங்கள் எடுப்பது கடினமில்லை. வேண்டுமென்றால் எங்கள் குழுவில் எடுக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

இனி நான் கேட்பது. வாரத்தில் ஒரு நாள், நிலையான ஓர் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்குங்கள். உங்கள் நாளிதழ் போகும் பகுதிகளில் சுற்றுச்சூழல் சம்பந்தமாக மக்கள் கருத்துச் சொல்ல வாய்ப்பிருக்கும் விஷயங்கள் மட்டும் அதில் வரட்டும். என்ன திட்டம், மக்கள் பேச்சில் அந்த இடத்துக்கு என்ன பெயர், அறிக்கையை எங்கே போய்ப் பார்க்கலாம், கருத்தை எங்கே, எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் நான்கு வரிக்குமேல் போகாது. நல்லது, கெட்டது என்ற கருத்து வேண்டாம். திட்டத்தை ஆதரிக்கிறவர்களும் அந்தத் தேதியைத் தெரிந்துகொண்டு வரட்டும். வேலை கிடைக்கும் என்று நம்புகிறவருக்கும் அந்தக் கூட்டத்தில் பேச உரிமை இருக்கிறது. திட்டம் கொண்டுவருகிறவர்களுக்குமே இது நல்லதுதான். ஆரம்பத்திலேயே எழும் ஆட்சேபத்துக்கு வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்திப் பதில் சொல்லலாம். கட்டடம் எழும்பிய பிறகு எழுந்தால் நீதிமன்றம்தான் வழி.

சட்டப்படியான அறிவிப்பு விளம்பரமாக வருகிறதே, அதையே செய்தியாகவும் எதற்குப் போட வேண்டும் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கக்கூடும். தேர்வுத் தேதியும் மின்தடை அறிவிப்பும் வேறு வழியில் வெளியாகத்தான் செய்கின்றன. இருந்தும் வாசகருக்கு உபயோகம் என்று நீங்கள் அவற்றைச் செய்தியாகவும் போடுகிறீர்கள். பிள்ளையின் தேர்வுக்கும் நாளைய மின்தடைக்கும் கொடுக்கும் அதே கவனத்தை, அடுத்த முப்பது வருஷத்துக்கு ஒரு தெருவின் குடிநீரைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கும் கொடுங்கள் என்கிறேன்.

முடிந்தால் இன்னொன்று. ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும்போது நிபந்தனைகள் விதிப்பார்கள். இத்தனை மரம் நட வேண்டும், கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும், குறிப்பிட்ட இடைவெளியில் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும் என்று பட்டியல் நீளும். அனுமதி கிடைத்த அன்று செய்தி வருகிறது. அதோடு சரி. ஒரு வருஷம் கழித்து நிபந்தனை எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு நிருபரை அனுப்பிப் பாருங்கள். நட்டதாகச் சொன்ன கன்றுகளைப் போய் எண்ணிப் பார்க்க அரை நாள் போதும்.

அந்தக் கட்டத்துக்கான தகவலைத் திரட்டுவது உங்கள் செய்திப் பிரிவுக்குக் கூடுதல் சுமை என்பது எனக்குப் புரிகிறது. அந்த வேலையை நாங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். வாரந்தோறும் ஒரு பக்கத்தில், அசல் அறிவிப்பின் நகலோடு சேர்த்து அனுப்புகிறேன். உங்கள் ஆட்கள் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் விசாரித்துச் சரிபார்த்துக்கொள்ளட்டும். எங்கள் சொல்லை மட்டும் நம்பிப் போடச் சொல்லவில்லை. எங்கள் குழுவின் பெயரும் அதில் வர வேண்டாம். மற்ற பகுதிகளில் இருக்கும் குழுக்களும் இப்படி அனுப்பத் தயாராகவே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள் உங்களிடம் வந்து சேர வேண்டும் என்று மட்டும் தெரிவித்தால், அடுத்த வாரமே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி